பாக்குவெட்டிக்கு அனுமதி இல்லை

ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, புதிதாக நியமனம் பெற்றவர்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். இந்த முறை பேச வேண்டாம், எழுதித் தந்தால் போதும் என்றார்கள். சென்ற முறை நான் பேசி முடித்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. காரணம் அதுவாக இருக்கலாம்.

நடைமுறைகளைப் பற்றி எழுதப் போவதில்லை. அவை சுற்றறிக்கைகளில் இருக்கின்றன. சுற்றறிக்கைகள் அலுமாரியில் இருக்கின்றன. அலுமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது உங்களுடைய முதல் பயிற்சி. அதில் தேறினால் மற்றதெல்லாம் சுலபம்.

நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் இந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாத்தளை நகரில், மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடைகளுக்குப் பின்னால், மாடியில் இரண்டு வகுப்பறைகள். மழைக்காலத்தில் கீழே சாக்குகளை அவிழ்த்தால் மேலே கணித வகுப்பு முழுவதும் தும்மும். இங்கே படிப்பவர்கள் வழக்கமான பாடசாலையில் இடமில்லாமல் போனவர்கள். கையில் குழந்தையோடு வரும் பெண் பிள்ளைகள், வயதுக்கு முன்னால் தகப்பனாகிவிட்ட பையன்கள், 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று அதிபர் அறையில் வைத்துச் சொல்லப்பட்டவர்கள். பதிவேட்டில் இவர்களுக்கு 'இடைவிலகியோர்' என்று பெயர். விலகுவதற்கும் விலக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்தில் அக்கறையாகக் கற்பிக்கிறோம். பதிவேட்டை நிரப்பும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

நம்மிடம் மணி கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். மணி அடித்தால் பின்னறையில் சேலைத் தொட்டிலில் தூங்கும் குழந்தைகள் எழும்பிவிடும். மூன்று பாடசாலைகளில் கண்ணாடி உடைத்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரு பையன், இங்கே வந்த இரண்டாம் வாரம், மாடிப்படியில் சத்தமாக ஏறிய என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்து, "மெதுவா மிஸ், புள்ள இப்பத்தான் கண்ண மூடிச்சு" என்றான். ஒழுக்கம் பற்றிய சுற்றறிக்கைகள் எனக்கு வரிக்கு வரி தெரியும். இப்படி ஒரு வரி அவற்றில் இல்லை.

சொல்ல வந்தது ஒரு கணிதப் பரீட்சையைப் பற்றி. அந்தப் பிள்ளையை நிலானி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் உங்களுக்குத் தேவையில்லை.

நிலானியின் தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவளுக்குப் பதினாறு வயது. தம்பிகளுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று பாடசாலையை விட்டாள். பதினெட்டு முடிந்ததும், பலாபத்வலப் பக்கம் வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் சுற்றுலாப் பயணிகளுக்கு மரம் காட்டும் ரமேஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். நம்மிடம் வந்து படித்து, சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைத் தவிர எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்தாள். கணிதம் ஒரு முறை போனது. மறுமுறையும் போனது.

மூன்றாம் முறை எழுத விண்ணப்பித்தபோது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. நோயாளர் பராமரிப்புப் பயிற்சி நிலையமொன்று அவளுக்கு ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தது, கணிதச் சித்தியைக் கொண்டு வந்தால் தருவதாக. அடுத்த வருடம்வரை அந்த இடம் காத்திருக்காது. வீட்டிலும் அதே நிலைதான். ரமேஷின் தாய் ராஜேஸ்வரியம்மா மிளகு தெரிந்தெடுக்கும் ஸ்டோரில் மேற்பார்வை பார்ப்பவர். இதுவே கடைசித் தடவை, பிறகு மருமகளைத் தன்னோடு ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவாகச் சொல்லியிருந்தார். மிளகு தெரிந்தெடுப்பது கௌரவமான வேலை. ஆனால் நிலானி அதற்காக மூன்று முறை விண்ணப்பப் படிவம் நிரப்பவில்லை.

பரீட்சை முடிந்த பிறகே குழந்தை பிறக்கும் என்று கணக்கிட்டிருந்தோம். குழந்தைக்கு நம்முடைய கால அட்டவணையைப் பற்றி யாரும் அறிவிக்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போதே பிறந்துவிட்டது. பெண் குழந்தை.

ஒரு வாரம் கழித்து ராஜேஸ்வரியம்மா தொலைபேசியில் சொன்ன செய்தி சுருக்கமானது. தாயும் பிள்ளையும் சுகம். முப்பதாம் நாள் தீட்டுக் கழிக்கும்வரை பச்சை உடம்புக்காரியை வாசல் தாண்ட விட மாட்டேன். பரீட்சை இல்லை.

நமது கணித ஆசிரியை சர்மிளா அப்போது உங்களைப் போலப் புதியவர். நல்ல ஆசிரியை. இன்றைக்கு அவர் உங்களுக்கெல்லாம் மூத்தவர், இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். அன்றே பஸ் ஏறிப் பலாபத்வலைக்குப் போனார். மாலையில் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நான் விஞ்ஞானமா விளங்கப்படுத்தினேன் மிஸ். தீட்டுங்கறது அந்தக் காலத்துல கிருமித் தொற்றுக்குப் பயந்து வச்சது, இப்ப மருந்து இருக்கு, இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'மிஸ் எத்தன புள்ள பெத்தீங்க'ன்னு கேட்டாங்க."

சர்மிளாவுக்கு அப்போது திருமணமாகவில்லை. விஞ்ஞானப் பாடம் அத்தோடு முடிந்தது.

மறுநாள் நான் போனேன். பிரதான வீதியிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே, கோப்பியும் மிளகுக்கொடியும் நிற்கும் சிறிய தோட்டம். ராஜேஸ்வரியம்மா என்னை உட்கார வைத்தார், தேநீர் கொடுத்தார், பிறகு எதிரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நேத்து சின்ன மிஸ் வந்தாங்க. இன்னைக்குப் பெரிய மிஸ். நாளைக்கு யாரு, மந்திரியா?"

"நாளைக்கு யாரும் வர மாட்டாங்க. எனக்கு முழங்கால் வலி, நானே இனிமே வர மாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். புள்ளைக்கு மஞ்சக்காமால பாக்க ஆஸ்பத்திரிக்கு போனீங்களாமே?"

"ஆமா. ரெண்டு நாள் வச்சிருந்து லைட்டு புடிச்சாங்க. இப்ப சுகம்."

"நிலானியும் போனாளா?"

"போகாம? பால் யாரு குடுக்கிறது, நானா?"

"அப்ப வாசல் தாண்டினாளே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஆஸ்பத்திரி மிஸ். கையில இரும்பு குடுத்து, த்ரீவீல்ல வச்சு, நான் கூடவே போயி, மூணாம் நாள் பொழுது சாயுறதுக்குள்ள கூட்டிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியும் பரீட்சையும் ஒண்ணா?"

"ரெண்டு எடத்துலயும் பேர் கூப்பிடுவாங்க. ரெண்டு எடத்துலயும் வாங்குல ஒக்கார வச்சுக் காக்க வைப்பாங்க. வெளிய வரக்குள்ள மொகம் வெளுத்துப் போயிருக்கும். எனக்கு ஒண்ணும் பெரிய வித்தியாசம் தெரியல."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, உடனே அடங்கியது. ராஜேஸ்வரியம்மா திரும்பி, "சிரி சிரி, தையல் பிரியட்டும்" என்றார். ஆனால் இடுப்பிலிருந்த கை கீழே இறங்கிவிட்டது.

அவர் போட்ட நிபந்தனைகள் ஒரு பரீட்சைத் திணைக்களத்துக்குத் தகுதியானவை. முச்சக்கர வண்டி வாசலிலிருந்து வாசலுக்கு. தானும் குழந்தையும் பரீட்சை மண்டபத்து வாசலில் இருப்போம். இடைவேளையில் பால் கொடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீடு, வீட்டுக்குள் நுழையுமுன் மஞ்சள் தண்ணீர். காத்துக் கறுப்பு அண்டாமல் காக்கும் இரும்பு அவள் உடம்பை விட்டு இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இரும்பு என்றால் எங்கள் வீடுகளில் ஓர் ஆணி, மிஞ்சினால் ஒரு சட்டை ஊசி. அதைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன்.

பரீட்சையன்று காலை, பரீட்சை நடந்த பாடசாலை வாசலில் வண்டி வந்து நின்றது. நிலானி சுருக்காக இறங்கி, கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். ராஜேஸ்வரியம்மா குழந்தையோடு பின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டி வந்த ரமேஷ் திரைச்சீலையை இழுத்துக் கட்டினான். நான் கேட்டுக்கு வெளியே நிழல் பார்த்து நின்றேன். பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் வெளியே இப்படிக் கூட்டமாக நிற்கும் பெற்றோரைப் பார்த்து, 'இவர்களுக்கு வேறு வேலை இல்லையா' என்று நினைத்திருக்கிறேன். வெளியே நிற்பதுதான் கடினமான வேலை.

கொஞ்ச நேரத்தில் காவலாளி வந்தார். "நிலானிங்கற புள்ளைக்குப் பொறுப்பானவங்க யாரு? சேர் கூப்பிடுறாரு."

மண்டபத்துக்கு வெளியே நடைவழியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மேற்பார்வையாளர், இளைஞர், அந்தப் பொறுப்புக்குப் புதியவர் என்பது கழுத்துப்பட்டி இறுக்கத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் பெண் பரீட்சார்த்திகளைச் சோதிக்கும் நோக்குநர், முக்காடிட்ட நடுத்தர வயது ஆசிரியை. சுவரோடு நிலானி. மேசை மேல் ஒரு பாக்குவெட்டி.

ஆணியில்லை, சட்டை ஊசியில்லை. உள்ளங்கை முழுவதும் பிடிக்கக்கூடிய, கனத்த, பழைய இரும்புப் பாக்குவெட்டி. அதைச் சேலைத் துண்டால் சுற்றி அவள் இடுப்பில் கட்டியிருந்தார்கள். கைத்தொலைபேசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்த ஆசிரியையின் கையில் இது தட்டுப்பட்டிருக்கிறது.

"மிஸ், ஒங்க புள்ளையா இது?" என்றார் மேற்பார்வையாளர். "இடுப்புல ஆயுதம் கட்டிக்கிட்டு வந்திருக்கு."

"சேர்," என்றார் அந்த ஆசிரியை மெதுவாக. "எங்கட உம்மாவும் இதத்தான் செஞ்ச. நான் மூத்தவனப் பெத்து நாப்பது முடியாம டொக்டர்ட்ட போகக்குள்ள, கையில ஒரு சின்னக் கத்திய தந்து அனுப்பின."

"எனக்குத் தெரியாதா டீச்சர்? எங்க வீட்டுலயும் உண்டு. ஆனா நான் இப்ப வீட்ல இல்ல."

அவர் சொன்னது முழுக்க உண்மை. அவருடைய மணிக்கட்டில் மூன்று கோயில் நூல்கள் இருந்தன. முற்றத்தில் நின்ற அவருடைய மோட்டார் சைக்கிளில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கியதை நான் வரும்போதே பார்த்தேன். அந்த நடைவழியில் நின்ற நான்கு பேரும் இரும்பை அறிந்தவர்கள். ஆனால் ஒருவர் சம்பவக் குறிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர். அவர் பேனாவைத் திறந்தார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். இப்படி ஒரு நேரத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, கெஞ்சுவது: 'பாவம் சேர், பச்சை உடம்பு, எழுதாம விடுங்க.' மற்றது, அதட்டுவது: 'நான் யார் தெரியுமா, உங்கள் பணிப்பாளர் என்னிடம் பயிற்சி பெற்றவர்.' இரண்டும் எனக்கு வந்தன. கெஞ்சினால் அவர் விதியை மீறி இரக்கம் காட்ட வேண்டும், பயந்த மனிதர் அதைச் செய்ய மாட்டார். அதட்டினால் அவர் விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார், அங்கிருந்து யாராலும் இழுத்து எடுக்க முடியாது. முன்பு நான் வேலை பார்த்த வலயக் கல்விக் காரியாலயத்தில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். கோப்பைத் தூக்கிக்கொண்டு யார் பதறி ஓடி வந்தாலும், 'எழுதப் போற பெயர்ச்சொல் என்ன?' என்று மட்டும் கேட்பார். அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"எழுதத்தான் வேணும் சேர்," என்றேன். "எழுதாம விட்டா ஒங்க மேல பிழை. என்னன்னு எழுதப் போறீங்க?"

"கூரிய ஆயுதம் ஒண்ணு..."

"அதோட பேர் என்ன?"

அவர் மேசையைப் பார்த்தார். "பாக்குவெட்டி."

"அப்ப அதையே எழுதுங்க. சோதனையில பாக்குவெட்டி ஒண்ணு காணப்பட்டது, பரீட்சை தொடங்குறதுக்கு முன்ன அகற்றப்பட்டது. நடந்தது அவ்வளவுதானே?"

"கொழும்புல வாசிச்சா சிரிப்பாங்க மிஸ்."

"சிரிக்கட்டும். 'ஆயுதம்'னு எழுதினா சிரிக்க மாட்டாங்க. பெறுபேற்ற நிப்பாட்டி, விசாரணைக்கு உங்களையும் கூப்பிடுவாங்க."

முதல் பாதி நிலானிக்காகச் சொன்னது. பின் பாதி அவருக்காக. அவர் யோசித்தார், பேனாவை ஒரு முறை உதறினார், 'பாக்குவெட்டி' என்று எழுதினார். நல்ல கையெழுத்து. முக்காடிட்ட ஆசிரியை பெருமூச்சு விட்டார்.

"சரி, அத வெளிய குடுத்துட்டு உள்ள போம்மா. உறை பிரிக்கப் போறோம்," என்றார் மேற்பார்வையாளர், முகம் தெளிந்து.

பிரச்சினை தீர்ந்தது என்று நாங்கள் மூவரும் நினைத்தோம். நிலானி சுவரை விட்டு அசையவில்லை.

"குடுக்க மாட்டேன் மிஸ்."

"நிலானி!"

"அது இல்லாம உள்ள போக மாட்டேன். பரீட்ச வேணாம். வீட்டுக்கு போறேன்."

அவள் பிடிவாதக்காரி இல்லை. இரண்டு முறை தோற்ற பாடத்துக்கு மூன்றாம் முறை விண்ணப்பித்தவள். நான் அவளை இரண்டடி தள்ளிக் கூட்டிப் போனேன். "அத்தைக்கு வாக்கு குடுத்ததாலயா? நான் அவங்கக்கிட்ட சொல்லுறேன்."

தலையை ஆட்டினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோறதுக்கு முந்தின நாள், இத தலைமாட்டுலயே மறந்து வச்சிட்டு வாசலுக்குப் போயிட்டேன் மிஸ். துணி எடுக்கத்தான் போனேன். அடுத்த நாள் புள்ள மஞ்சளா இருந்துச்சு. கண்ணெல்லாம் மஞ்ச. அத்த ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குத் தெரியாது. நான்தான் சொல்லல."

பிறந்த குழந்தைகளில் மஞ்சள் காமாலை சாதாரணம் என்று எனக்குத் தெரியும். டாக்டரும் அவளிடம் சொல்லியிருப்பார். அவளும் 'ஆமா டொக்டர்' என்று தலையாட்டியிருப்பாள். சர்மிளா வாதாடிய இடத்தில் எதிரில் மாமியார் நின்றார். வாதாட வேண்டியவர் அவரில்லை என்பது எனக்கு அந்த நடைவழியில்தான் புரிந்தது. இருபதைத் தாண்டிய இளம் தாய் ஒருத்தி, தன்னால்தான் பிள்ளைக்கு நோய் வந்தது என்று யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தாள். அதை அவளிடமிருந்து இறக்க ஒரு மாதமாவது வேண்டும். என்னிடம் இருந்தது உறை பிரிக்கும்வரையிலான நேரம்.

மண்டபத்துக்குள் இருந்து அறிவித்தல் வாசிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு மனப்பாடமான வரிகள்: பேனா, பென்சில், அழிறப்பர், அடிமட்டம், பாகைமானி, கவராயம். மேசையில் நிலானியின் கணிதப் பெட்டி திறந்தபடி கிடந்தது. சோதித்து அனுமதித்த பெட்டி. நம் பாடசாலையின் பொதுப் பெட்டிகளில் ஒன்று. உள்ளே ஒரு கவராயம்.

பாக்குவெட்டியின் வாய் பாக்கைத் தவிர வேறெதையும் வெட்டிப் பல வருடங்கள் இருக்கும். கவராயத்தின் நுனியோ ஊசி. முதலாவதை உள்ளே கொண்டுபோகக் கூடாது. இரண்டாவதைக் கொண்டுவராவிட்டால் புள்ளி போகும். இத்தனை வருடம் இந்த விதிகளை உரத்து வாசித்திருக்கிறேன், ஒரு நாளும் இது என் கண்ணில் படவில்லை.

கவராயத்தை எடுத்து அவளிடம் காட்டினேன். "இதுவும் இரும்புதானே. இது காணாதா?"

அவள் அதைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் முறையாக முகத்தில் ஏதோ அசைந்தது. "தெரியாது மிஸ். அத்தையத்தான் கேக்கணும்."

'போதும், நான் சொல்கிறேன்' என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அவளும் எனக்குப் பயந்து உள்ளே போயிருப்பாள். போய் வினாத்தாளைப் பார்த்துக்கொண்டு பிள்ளையின் கண்ணை நினைத்துக்கொண்டிருப்பாள். கணிதத்தில் எனக்கு அதிகாரம் உண்டு, பரீட்சை ஒழுங்கில் கொஞ்சம் உண்டு. எது இரும்பு, எது காக்கும் என்பது என் அதிகார எல்லைக்குள் வருவதில்லை. அதற்கு உரிய அதிகாரி கேட்டுக்கு வெளியே முச்சக்கர வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"சேர், இந்தக் கவராயத்த ஒரு நிமிசம் கேட்டுக்குக் கொண்டுபோயிட்டு வாறேன்."

"எதுக்கு மிஸ்?"

"அனுமதி எடுக்க."

"அதுக்குத்தான் அனுமதி இருக்கே?"

"நீங்க குடுத்தது பரீட்சைக்கு சேர்."

அவர் என்னைப் பார்த்தார், பாக்குவெட்டியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பிந்தி வாறவங்கள உள்ள எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு," என்றார். அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை ஏற்பட்டது அப்போதுதான். காவலாளியிடம் பாக்குவெட்டியைக் கொடுத்து என் கூடவே அனுப்பினார். ஆக, வயதான பெண் ஒருத்தி கவராயத்தோடும், சீருடைக் காவலாளி ஒருவர் பாக்குவெட்டியோடும் பாடசாலை முற்றத்தில் ஊர்வலம் போனோம்.

ராஜேஸ்வரியம்மா பாக்குவெட்டியைத் தூரத்திலேயே கண்டுவிட்டார். வண்டித் திரை விலகியது.

"எதுக்கு அத கழட்டினீங்க? யாரு கழட்டச் சொன்னது?"

"உள்ள விட மாட்டாங்க. வெட்டுற சாமான்."

"அப்ப வரச் சொல்லுங்க அவள. போவோம். ரமேஷ், வண்டிய எடு."

"வண்டிய எடுக்கலாம். அதுக்கு முன்ன இதப் பாருங்க." கவராயத்தை நீட்டினேன். "இத உள்ள விடுறாங்க. கையிலயே வச்சிருக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இது ஆகுமா, ஆகாதான்னு நீங்க சொல்லுங்க. ஆகாதுன்னா நான் போயி அவளக் கூட்டிட்டு வாறேன்."

அதைச் சொல்லும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒருவரிடம் முடிவைக் கேட்டால் அவர் எதிர்மாறாகவும் முடிவெடுக்கலாம். அப்படியானால் கூட்டி வந்திருப்பேன். பயிற்சி இடமும் போயிருக்கும். கேட்பதுபோல நடித்துவிட்டு நம் முடிவையே நடத்திக்கொள்வதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

அவர் குழந்தையை ரமேஷிடம் கொடுத்துவிட்டு கவராயத்தை வாங்கினார். மிளகுக்கும் பப்பாசி விதைக்கும் வித்தியாசத்தை விரலால் தடவியே சொல்கிறவர். கால்களை விரித்தார், மூடினார். நுனியைப் பெருவிரலில் குத்திப் பார்த்தார்.

"ஆத்தாடி. இதையா உள்ள விடுறாங்க? பாக்குவெட்டி ஆகாதாம், இது ஆகுமாம்?"

"இத கட்டாயம் கொண்டுவரணும்னே சொல்லுவாங்க."

"படிச்சவங்க." அந்த ஒரு சொல்லோடு கல்வித் துறை பற்றிய தன் விசாரணையை முடித்துக்கொண்டார். பிறகு முகம் இறுகியது. "பளபளன்னு இருக்கே. இது இரும்பா, தகரமா? தகரம் ஒண்ணும் நிப்பாட்டாது."

எனக்குப் பதில் தெரியாது. முலாம் பூசிய ஏதோ ஒரு உலோகம். கடையில் மலிவானதாகப் பார்த்து வாங்கியது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கால்களும் சேரும் மூட்டில் நகத்தால் சுரண்டினார். பாடசாலைச் சாமான், பல கைகள் மாறியது, மழையில் நனைந்தது. முலாம் உரிந்த இடத்திலிருந்து சிவப்பாக ஒரு தூள் அவர் நகத்தில் ஒட்டியது.

"துரு," என்றார். "இரும்புதான்."

ரமேஷின் கையிலிருந்த குழந்தையின் நெற்றியில் அதன் மழுங்கிய பக்கத்தால் ஒரு முறை தொட்டார். என்னிடம் கொடுத்தார். "எழுதும்போதும் கையிலயே வச்சிருக்கச் சொல்லுங்க. சுருக்கா போங்க மிஸ், எழுதுற நேரம் போகுது."

முழங்கால் வலியைப் பற்றி நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அன்று முற்றத்தைக் கடந்த வேகத்தைக் கண்டவர்கள் இனி நம்ப மாட்டார்கள். நிலானியிடம் கவராயத்தைக் கொடுத்து, "அத்த தொட்டுக் குடுத்தாங்க. துரு பாத்துத்தான் குடுத்தாங்க," என்றேன். அவள் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மேற்பார்வையாளர் கதவைத் திறந்து பிடித்தார்.

முதல் பகுதி முடிந்து இடைவேளைக்கு வந்து, வண்டித் திரைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். இடது கைக்குள் கவராயம் அப்படியே இருந்தது. எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்: "கையில புடிச்சிருந்ததால அழிக்கிறதுக்கு கஷ்டமா இருந்துச்சு மிஸ். அதனால அழிக்கல. மொதல்ல எழுதினதயே விட்டுட்டேன்." சர்மிளா பின்னால் அதைக் கேட்டுச் சிரித்தார். நிலானி இரண்டு முறையும் தோற்றது சரியான விடைகளை எழுதிவிட்டு அழித்ததால்தானாம்.

சாதாரண சித்தி கிடைத்தது. பெறுபேற்றுத் தாளில் ஒரேயோர் எழுத்து. பயிற்சி நிலையம் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. மஞ்சள் காமாலை விஷயத்தை அவள் அத்தையிடம் சொல்வதற்குச் சில மாதங்கள் எடுத்தன. அதை அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. எல்லாவற்றையும் தெரிந்துகொள்வது நம் வேலை என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கவராயம் மட்டும் பாடசாலைக்குத் திரும்பி வரவில்லை. வருட இறுதியில் பொருட்களைக் கணக்கெடுத்தபோது ஒன்று குறைந்தது. உடைந்தது, தொலைந்தது, களவுபோனது என்று மூன்று காரணங்களுக்கு இடம் இருந்தது. மூன்றும் உண்மையில்லை. நான் என் காசில் ஒன்று வாங்கி வைத்தேன். நடைமுறைப்படி அது பிழை. எந்தப் பிரிவின் கீழ் பிழை என்றும் எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாட்களுக்கு முன்னால் ஒரு காலை, மாடிப்படியில் ராஜேஸ்வரியம்மாவின் குரல் கேட்டது. பின்னறையில் குழந்தைகள் தூங்குவதைப் பற்றி யாரோ அவரிடம் சொல்ல, பாதிக் குரலில் திட்டிக்கொண்டே ஏறி வந்தார். பின்னால் ஒரு பெண் பிள்ளை, மாசமாக இருந்தாள், முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு. ஸ்டோரில் அவருக்குக் கீழே மிளகு தெரிந்தெடுக்கிற பிள்ளையாம். இவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்.

"இவள சேத்துக்கங்க மிஸ்," என்றார்.

அந்தப் பிள்ளை மெல்லிய குரலில், "எனக்கு அடுத்த மாசம் பொறந்துரும் அக்கா, பொறகு வெளிய வர விட மாட்டாங்க," என்றாள்.

ராஜேஸ்வரியம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்புச் சுருக்குப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில் ஏதோ நீளமாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"இரும்பு எங்கிட்ட இருக்கு," என்றார் என்னைப் பார்த்து. "பரீட்சைய நீங்க பாத்துக்கங்க."